கொர்பாத்தா என்ற நாய்க்கு

எங்கள் வட்டார மருத்துவர் சங்கத்தில் ஒன்பது பேர்.
ஒருவர் பல் டாக்டர். ஒருவருக்குக் காது கேட்காது.
மற்றவர்கள் எல்லாரும் அன்றைக்கு
மேசையையே பார்த்துக்கொண்டிருந்ததால்
வானொலி என் தலையில் விழுந்தது.

வியாழன், பகல் பன்னிரண்டு நாற்பது.
ஆட்களுக்கான செய்திகள் முடிந்து
கம்பளி விலை தொடங்கும் முன்
பத்து நிமிடம்.

பதகோனியாவின் இந்த மூலையில் அப்போது தொலைபேசி இல்லை.
ஆற்றுக்கு அப்பால் இருப்பவனிடம் ஒன்று சொல்ல வேண்டுமானால்
காற்றிடம் கொடுத்துவிட வேண்டும்:
"மேல் ஏரி அன்செல்மோவுக்கு,
செவ்வாய்க்கிழமை இரண்டு குதிரையோடு படகுத்துறைக்கு வா."
"ஒர்ஃபீலியாவுக்கு, பேரன் பிறந்தான்,
மூன்றரைக் கிலோ, உன் மூக்கு."
ஊரே கேட்கும். ஒருவர்தான் கிளம்புவார்.

நான்கு பக்கம் எழுதிக்கொண்டு போனேன்.
நாடாப்புழுவின் முழுப்பெயர், லத்தீனில்.
ஈரலில் வளரும் நீர்க்கட்டி, அதன் சுவர், அதன் வயது.
பொதுமக்கள் அனைவரும் கவனத்தில் கொள்ளவும்
என்று முடித்திருந்தேன்.
சுனில்தா மன்சீயா ஒலிவாங்கியை அணைத்தாள்.
"இது யாருக்கு, டாக்டர்?"
பொதுமக்களுக்கு.
"அப்படி ஒருத்தர் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லையே.
பேர் சொல்லுங்க."

பேர் சொல்லலாமா என்று சங்கம் கூடியது.
நோயாளியின் பெயர் கூடாது என்றார் ஒயார்சோ.
நோயாளி ஆகப்போகிறவன் பெயரும் கூடாது,
அதுவும் ஒயார்சோதான்.
தேநீர் ஆறிப்போயிற்று.
காது கேட்காதவர், வேறெதற்கோ பதிலாக,
"நாய்க்கு ஏது ரகசியம்" என்றார்.

கழுத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் போதும்,
இங்கே நாய்க்குக் கொர்பாத்தா என்று பெயர்,
டை கட்டியவன்.
அடுத்த வியாழன் சுனில்தா வாசித்தாள்,
குதிரைக்கும் பேரனுக்கும் வாசிக்கும் அதே குரலில்:

"கொர்பாத்தா என்ற நாய்க்கு.
ஆடு அறுக்கும் நாளில் வாசலில் நிற்காதே.
ஈரல் விழுந்தால் எடுக்காதே, நுரையீரலும் வேண்டாம்.
அதில் இருப்பது உன் குடலில் புழுவாகும்,
உன் மயிரில் முட்டையாய் ஒட்டும்,
உன்னைத் தடவிய கை ரொட்டியைப் பிய்க்கும்.
வீட்டுக்காரரிடம் சொல்:
குழி இடுப்பளவு, மேலே கல்.
உனக்குப் பூச்சி மாத்திரை தருவார்கள். துப்பாதே."

பிப்ரவரியில்
ஏழு வயது எர்சீலியாவின் வயிற்றைத் திறந்திருந்தோம்.
வெந்த முட்டையை உரிக்கும்போது
விரலில் ஒட்டுமே ஒரு மெல்லிய தோல்,
அப்படியொரு சவ்வு, உள்ளே தெளிந்த தண்ணீர்.
அது உடைந்தால் அவள் இல்லை.
உடையவில்லை.
மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்டது:
நாய்க்கு யார் சோறு வைக்கிறார்கள்?
பதில் சொல்லாமல் கை கழுவப் போனேன்,
கழுவிய கையை
மறுபடியும்.

மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை.
நாலாவது வியாழன், செய்திகளின் நடுவில்,
சுனில்தாவின் குரல் இடறியது:
"டாக்டருக்கு. நாலு நாளாய் கொர்பாத்தா
என் முகத்தைப் பார்ப்பதில்லை.
குழி தோண்டிவிட்டேன், கல்லும் வைத்தேன்.
இனி அவனிடம் நான் என்ன சொல்ல?"
அடுத்தது: "எங்கள் நாய்க்கு அந்தப் பெயர் இல்லை.
இருந்தாலும் தோண்டினோம்."
அடுத்தது, கோபமாக:
"என் கொர்பாத்தா யோக்கியன்.
ஈரலைத் தொட்டதே இல்லை.
வானொலி மன்னிப்புக் கேட்க வேண்டும்."

கேட்டோம். அந்த நாயிடம்.

நிகழ்ச்சியின் பயனை அளக்க வழியில்லை என்று
குறிப்பேட்டில் ஒயார்சோ எழுதியிருக்கிறார்.
உண்மைதான்.
கட்டி வளரப் பத்து வருடம் ஆகும்,
வளராமல் போனதை எந்த எக்ஸ்ரேயில் பார்ப்பது?

போன மாதம் வேறொரு நோயாளிக்காக ஆற்றைக் கடந்தேன்.
ஒரு வேலிக்குப் பின்னால் புதுமண்ணும் பெரிய கல்லும்.
வீட்டுக்குள் வானொலியில் கம்பளி விலை.
கோடில்லாத ஒரு பழுப்பு நாய்
அந்தக் கல்லின் ஓரத்தைப் பிராண்டிக்கொண்டிருந்தது,
நின்று, முகர்ந்து, மறுபடி பிராண்டி.
கல் அசையவில்லை.
மழை பிடித்தது. குதிரைக்காரன் கூப்பிட்டான்.
இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.