பந்து போடுறவன் நம்மட ஆள்

பதினாறு பேரில ஒம்பது சரி.
மிச்சம் ஏழுக்கும் நான் ஒத்துக்க மாட்டன் என்று
கல்லாற்றுப் பாலத்தில பஸ் ஏறக்குள்ள
அதிபர் அம்மாக்கிட்டச் சொன்னன்.
அவ கேட்டது
மிச்சக்காசு இருபது ரூபா.

நான் கொண்டக்டர்.
கல்முனை – மட்டக்களப்பு, நாளைக்கு நாலு நடை.
ஆரை இருத்த, ஆரை நிப்பாட்ட,
மகிழூரில இறங்குற மூட்டையை எந்தப் பக்கம் தள்ள
என்று முகம் பார்த்தே அடுக்குற எனக்கு
ஒரு எல்லே அணியை அடுக்கத் தெரியாதா?

வில்வராசா தலைவர். இருக்கட்டும்.
பந்தலுக்குத் தகரம் குடுத்தவர். அதுவும் இருக்கட்டும்.
அதுக்காக அவர்ட தங்கச்சி புருசன்
பந்து போட வேணுமா?

கிரிக்கெட் பார்த்த கண்ணுக்கு இது விளங்காது.
அங்க பந்து போடுறவன் எதிரி.
எல்லேயில அவன் நம்மட ஆள்.
அடி மனே என்று
நம்மட பொடியனுக்கு நாமளே எறியிற பந்து.
மூண்டே மூண்டு.
மூண்டும் தப்பினா
மூங்கில் தடியைக் குடுத்திட்டு வந்து
மணலில குந்த வேண்டியதுதான்.

நேசதுரையை நிப்பாட்டிப் போட்டாங்க.
தோள் சரியில்லையாம், வயசு நாப்பத்திமூண்டாம்.
தோளை ஆரு கேட்டது?
டிலுக்சனுக்கு முழங்காலுக்கு மேல ஒரு சாண்.
புவிதனுக்கு நெஞ்சுக்கு நேர, கொஞ்சம் பிந்தி.
இடக்கையன் சங்கீதனுக்கு
முதல் பந்தை வேணுமெண்டே பிழையாப் போடவேணும்,
அவனுக்குக் கோவம் வந்தாத்தான் அடி விழும்.
இதெல்லாம் கொப்பியில இல்ல.
தராசுத் தட்டில கடைசிப் பயத்தங்காயை வைக்கிற
அந்த ரெண்டு விரலில கிடக்கு.

இன்னும் இரிக்கி.
கோகுலை என்னத்துக்குப் பதினாலாவது விட?
அவன் ஓடினா மணல்கூட எழும்பாது.
இரட்டையர் ரெண்டு பேரையும் அடுத்தடுத்து விடவே ஒண்ணா:
ஒருத்தனுக்கு முதுகில பந்து பட்டா
மத்தவன் கம்பத்தைப் பிடிச்சிக்கிட்டுப் பார்த்துக்கிட்டே நிப்பான்.
போன வருசமும் நின்றவன்.

சித்திரை பதினாறு, பின்னேரம்.
குருக்கள்மடத்துக்கு ஆறு ஓட்டம்.
நமக்கு நாலு.
தங்கச்சி புருசன் கெட்டியாத்தான் போட்டான்,
பொய் சொல்லக் கூடாது.
ஆனா எல்லாருக்கும் ஒரே பந்து,
பள்ளிக்கூடத்தில பிஸ்கட் குடுக்கிற மாதிரி.
கோகுல்ட முறை வரக்குள்ள விசில் ஊதிற்று.

பக்கத்தில நேசதுரை
கச்சான் உடைச்சிக்கிட்டு இருந்தான்.
நாலு பேருக்குக் கேக்கத்தான் சொன்னன்:
“உன்னை விட்டிருந்தா வெண்டிருப்பம்.
இந்தப் பட்டியலை எழுதினவன்ட கையை முறிக்க வேணும்.”

அவன் கோதை ஊதித் தள்ளினான்.
“நான்தான் எழுதின.”
மறுகா வலக்கையைத் தூக்கிக் காட்டினான்.
காது மட்டும் வந்திச்சி.
அங்கால போகல்ல.
“முறிக்கிறதுக்கு என்ன இரிக்கி?” என்றான்.
சிரிச்சானா என்று
நான் திரும்பிப் பார்க்கல்ல.

வில்வராசாவைப் பத்தி
பஸ்ஸில ஏறின எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன்.
அவங்களையெல்லாம் எந்தத் தரிப்பில தேடுற?

அடுத்த நாள் விடிய,
களுவாஞ்சிகுடிச் சந்தைக்கு
கத்தரிக்காய்ச் சாக்கோட ஏறினான்.
இடக்கையால கம்பியைப் பிடிச்சான்.
முன் சீற்றில இருந்த பொடியன எழுப்பி
அவன இருத்தினன்.
ஒண்டும் பேசக்கூடாது என்றுதான் இருந்தன்.
பாலம் தாண்டக்குள்ள வாய் கேக்கல்ல:
“அது சரி, கோகுல் ஏன் பதினாலு?”

கடைசியா விட்டாத்தான்
களைச்ச கைகள் எறியும் என்றான்.
களைச்ச கை குறி தப்பும், வேகக்காரன் தப்புவான் என்றான்.
அரை மணித்தியாலத்தில
பதினாலாவது ஆளுக்கு முறை வராட்டி என்ன செய்யிற
என்று நான் கேட்டன்.
அதுக்கும் ஒரு கணக்கு வைச்சிருந்தான்.
சாக்கு மேல கத்தரிக்காய் அடுக்கிக் காட்டினான்.
பிறேக் பிடிக்க ரெண்டு கம்பம் உருண்டு போச்சி.

களுவாஞ்சிகுடி வந்திற்று.
நான் இன்னும் ஒத்துக்கல்ல.
ஓந்தாச்சிமடத்தில ஏறின மூண்டு பேருக்கு
டிக்கட் போட மறந்து போனன்.