மனிதன், ஒன்று

செம்பனை நிரை முடியும் இடத்தில்
சுண்ணாம்பு அடித்த கல்.
அதுவரை ஒவ்வொரு மரத்தையும்
எனக்கு எண்ணால் தெரியும்.
அதற்கு மேல் மலை.
மலைக்கு நிரை கிடையாது.

குலை வெட்டி இடுப்பு போனபின்
வன இலாகாவில் இந்த வேலை:
மரத்தில் கட்டிய கேமராவுக்கு பேட்டரி மாற்றி
கார்டைக் கழற்றி வருவது.
முட்டிவரை புகையிலைத் தண்ணீர் பூசினாலும்
அட்டைக்கு நான்தான் வேண்டும்.

ஐந்து மணிநேரம் ஏறினால் மேகத்துக்குள்.
அங்கே மரங்கள் என் உயரம்.
கிளையெல்லாம் பாசி, பிழிந்தால் தண்ணீர்.
கீழே எங்கோ சியாமாங்குகள்
தொண்டையை ஊதிக் கத்தும்;
சத்தம் மட்டும் ஏறி வரும்.

பீடோர் ஆபீசில் ரோஸ்லி கார்டைத் திறப்பான்.
நானூறு படம்.
முந்நூற்றுச் சொச்சம், காற்றில் ஆடிய இலை.
ஒரு தெனூக்,
கறுப்புப் பாதியை இருட்டு வைத்துக்கொண்டு
வெள்ளைப் பாதியை மட்டும் அனுப்பியிருந்தது.
இருவாட்சியின் ஒரு சிறகு.
புலி இல்லை. மூன்று வருடமாக இல்லை.
ஆனாலும் அந்தக் கட்டத்தை அவன் அடிப்பதில்லை;
மாதாமாதம் சைபர் போடுகிறான்,
பென்சிலால்.

கடைசிப் படத்தில் என் முதுகு.
"மனிதன், ஒன்று" என்று மலாயில் எழுதினான்.

முப்பது வருடம் பெரட்டில்
கிராணி என் பேரைக் கத்தியிருக்கிறான்.
ஒருநாளும்
காட்டாட்டுக்கும் கரடிக்கும் நடுவே அல்ல.

கையெழுத்துப் போட்டேன்.
காலுறைக்குள் ரத்தம்
இன்னும் நிற்கவில்லை.