பெயர் தெரியாது

கடலிலிருந்து மூவாயிரத்து எண்ணூறு அடி மேலே
படகுகளைப் பதிவது என் உத்தியோகம்.
மஸ்கெலியாக் கந்தோர், இரண்டாம் மேசை,
ஜன்னலுக்கு வெளியே மவுசாக்கலை நீர்.
படிவம் கொழும்பிலிருந்து வருகிறது,
கடலை மட்டுமே கண்ட யாரோ அடித்தது.
'சொந்தத் துறைமுகம்' என்றொரு கட்டம்.
'கோயிலுக்கு மேலே' என்று நிரப்புவேன்.
கோடையில் நீர் இறங்கி
மூழ்கிய பழைய டவுன் சேறோடு எழும்போது
'கோயிலுக்குப் பக்கத்தில்' என்று திருத்துவேன்.

பேரேட்டின் முதல் பக்கம்
ஞானப்பிரகாசத்தின் தெப்பம்.
நான்கு தார்ப் பீப்பாய்,
மேலே துரை பங்களாவின் முன்கதவு.
கடிதம் போடும் துளை, பித்தளை மூடியோடு,
இன்னும் இருக்கிறது.
அதன் வழியே தூண்டில் விடுகிறார்.
அந்தக் கதவை ஒருநாளும் தட்டத் துணியாதவரின் மகன்
அதன் மேல் சம்மணமிட்டு வெற்றிலை மெல்கிறார்.

மூன்றாம் பக்கம் சமிந்தவின் அன்னம்.
நுவரெலியா ஏரியில் புதுமணத் தம்பதிகள் மிதித்து ஓட்டியது,
ஏலத்தில் கழுத்தில்லாமல் வந்தது.
'வகை' என்ற கட்டத்தில்
பறவை என்று எழுதி, வெட்டினேன்.
இப்போது உர மூட்டை சுமக்கிறது.

ஐப்பசியில் முத்துக்கருப்பி வந்தாள்.
தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்த படகு, பதினான்கு அடி,
உள்ளே ஈயத்தாள், வெளியே தார்.
காகிதப் பை வந்தபின் ஸ்டோரில் கிடந்த பலகைகள்.
இடப்பக்கம் தோட்டத்தின் பெயர் தலைகீழாக,
வலப்பக்கம், இங்கிலீசில், நனைய விடாதே.

எத்தனை நாள் மிதக்கும் என்றேன்.
"லண்டன் வரைக்கும் போறதுக்குச் செஞ்ச பலகைங்க,
இந்தத் தண்ணிக்குப் போதாதா?"

படகின் பெயர்?
அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது.
"எங்க ஆளுக வந்த கப்பல் பேரையே வச்சிருங்க."
என்ன கப்பல்?
"அதான் தெரியாது."

பாய்மரமோ நீராவியோ.
அடித்தட்டில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை;
பெயர் வெளிப்பக்கம் எழுதியிருந்தது.
கழுத்தில் கட்டிய தகரத் துண்டில்
ஒரு தோட்டம், ஒரு இலக்கம்.
அந்தத் துண்டுதான் இப்போது
அணியத்தில் ஒரு ஓட்டையை அடைத்திருக்கிறது.

மானம் கப்பலேறியது என்பார்கள்.
எங்கள் வீட்டில் ஏறியது பெரியப்பா,
தலைமன்னாரில், ஒரு டிரங்குப் பெட்டியோடு, திருப்பி அனுப்பும் கப்பலில்.
அதன் பெயர் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
யாரும் சொல்வதில்லை.

'பெயர் தெரியாது' என்று எழுதி அனுப்பினேன்.
கொழும்பிலிருந்து சான்றிதழ் வந்தது:
படகின் பெயர், பெயர் தெரியாது.
இருபுறமும் நாலங்குல எழுத்தில் தீட்ட வேண்டும்,
விதி பதினாறு.
தீட்டினாள்.

கார்த்திகை மழையில் ரோடு சரிந்தது.
லொறி வராது. கொழுந்து இருட்டுவதற்குள் கருத்துவிடும்.
அக்கரையில் நான், பேரேட்டோடு மாட்டிக்கொண்டு.
எட்டுப் பேர்தான் ஏறலாம் என்று கையொப்பமிட்டது நானே.
கொழுந்து மூட்டை பதினொன்று, அதன் மேல் நான்.
மூட்டை எத்தனை ஆளுக்குச் சமம் என்று
எந்த விதியும் சொல்லவில்லை.

நடுநீரில், கீழே பழைய கடைவீதி,
கால் நனைந்தது.
கன்னத்தில் கை வைத்தேன்.
"கப்பலே கவுந்தாலும் அப்படி வைக்கக் கூடாதுங்க,"
என்று ஒரு பால் டின்னை எறிந்தாள்,
"தண்ணியை அள்ளுங்க."
அள்ளினேன்.
பலகையில் ஊறி வந்த நீர்
சாயத் தேத்தண்ணி நிறம்.

கரையில் சாக்கைத் தலையில் போட்ட பெண்கள்
கத்தினார்கள்:
"பெயர் தெரியாது வருது! பெயர் தெரியாது வந்திருச்சு!"

தராசில் கணக்கப்பிள்ளை
மூட்டைக்கு மூன்று கிலோ ஈரக்கழிவு போட்டார்.
இவள் படகுக்குள் நனையாததைக்
கரையில் எப்படி நனைத்தாய் என்று
சண்டைக்குப் போனாள்.
பேரேட்டில் மை இறங்கியிருந்தது; அன்னத்தின் வகை
இனி யாருக்கும் வாசிக்க வராது.
நான் அந்த டின்னை இன்னும்
கையில் வைத்திருந்தேன்.