ஐஸ் தட்டு

கொழுந்தன் மெய்யழகன்
ரீலைத் திருப்பித் தந்த அன்று
அது இருமியது.
கைப்பிடியைச் சுற்றினால்
மண்ணை மெல்லும் சத்தம்.
மூக்கருகே கொண்டுபோனால்
தேங்காய் எண்ணெய்.

"கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு அண்ணி,
அதான் விட்டேன்.
தலைக்கு நல்லதுன்னா
இதுக்கும் நல்லதுதானே?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பன்னிரண்டு மணி நேரம்
மயிரிழைக் கம்பிகளை எண்ணிவிட்டு வந்த கண்
கோபத்துக்குக்கூடச் சிமிட்டாது.

சுங்கை டுவா, பதினாறாவது மாடி.
இரவு பதினொன்றரை.
மின்விசிறியை நிறுத்தினேன்,
நேற்றைய பேப்பரை விரித்தேன்.
ஐஸ் தட்டில் பதினான்கு குழிகள்,
கழற்றிய வரிசையில் ஒவ்வொன்றாக,
இடமிருந்து வலம்.
ஒவ்வொரு திருகுக்கும் ஒரு போட்டோ.
கல்யாண ஆல்பத்தில்கூட
என்னை இத்தனை கோணத்தில் எடுக்கவில்லை.

ஏழாவது குழிக்குப் போக வேண்டிய கிளிப்
டிக்கென்று துள்ளி
அரிசி வாளிப் பக்கம் ஓடிவிட்டது.
மண்டியிட்டு, போன் வெளிச்சத்தில் துழாவினேன்.
ஒரு காய்ந்த கடலை.
இரண்டு வருடமாய்க் காணாமல் போயிருந்த
என் மூக்குத்தித் திருகு.
கடைசியில்தான் கிளிப்.

பத்து மாவுங் கடல்
பற்சக்கரங்களுக்கிடையே
வெள்ளையாய் உட்கார்ந்திருந்தது.
பழைய பல்துலக்கி அதை எழுப்பியது.
மெய்யழகனின் எண்ணெயோ
எழவே மாட்டேன் என்றது.
மிளகைவிடச் சற்றே பெரிய பேரிங் இரண்டு
பாட்டில் மூடிக்குள், லைட்டர் திரவத்தில்
குளித்தன, கறுத்தன,
மறுபடி குளித்தன.

கியருக்கு கிரீஸ்,
பல்லில் பூசினால் போதும், ஈறில் வேண்டாம்.
பேரிங்குக்கு எண்ணெய்,
ஊசி நுனியில் தயங்கித் தொங்கும் ஒரே சொட்டு.
இரண்டாவது சொட்டு அன்பு இல்லை,
தூசிக்கு அனுப்பும் அழைப்பிதழ்.

கைப்பிடிக்கு அடியில்
இன்னொரு பேரிங் இருக்கிறது.
ஒரு பக்கம் மட்டுமே சுற்றும்.
அதற்கு எதுவும் கூடாது.
மீன் இழுக்கும்போது
பின்வாங்காமல் நிற்பதுதான் அதன் பிழைப்பு.
அதிலும் இவன் தாராளமாய் ஊற்றியிருக்கிறான்.
போன ஞாயிறு ஒரு சியாக்காப் இழுத்ததும்
கைப்பிடி பின்னால் சுழன்று
விரல் முட்டியில் அறைந்ததாம்.
"ரீலுக்குப் பேய் புடிச்சிருக்கு அண்ணி."
பேய் இல்லை தம்பி, பாராசூட் எண்ணெய் போல ஏதோ ஒன்று.
துடைத்தேன். துடைத்தேன்.
எலும்பு போலக் காயும்வரை துடைத்தேன்.

மணி இரண்டு.
எல்லாம் உள்ளே போயிற்று.
ஸ்பூலை ஒரு சுண்டு.
முன்பு நான்கு எண்ணுவதற்குள் நிற்கும்.
இப்போது இருபது, இருபத்தொன்று...
அறையிலிருந்து கணவர் கேட்டார்,
"என்ன சத்தம்?"
"சத்தமே இல்லையே" என்றேன்.
அதைச் சொல்லத்தான்
அவ்வளவு நேரம் காத்திருந்தேன்.

சனிக்கிழமை விடியலில்
படகுத்துறை ஓரம் வீசினேன்.
ஈயம் போய்க்கொண்டே இருந்தது.
கட்டைவிரலடியில் நூல்
பட்டுப்புடவை மடிப்பு நழுவுவது போல
நழுவி நழுவி,
வழக்கமாய் விழும் மிதவையைத் தாண்டி,
வலை காயப்போட்டிருந்த படகையும் தாண்டி
எங்கோ தொப்பென்றது.
பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பாக் ரம்லி
தன் ரீலை ஒரு முறை பார்த்தார்,
என்னுடையதை ஒரு முறை.
அகப்பட்டது ஒரே ஒரு கெளுத்தி.
முள்ளுக்குப் பயந்து அதையும் விட்டுவிட்டேன்.

மத்தியானம் மெய்யழகன் வந்தான்.
வெயில். எலுமிச்சைச் சாறு கேட்டான்.
பாதி குடித்தவன்
கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.
"அண்ணி, ஐஸுக்குள்ள ஏதோ மின்னுது."

கழுவித்தான் வைத்தேன் அந்தத் தட்டை.
அதில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தவர் கணவர்.
கட்டிக்குள் வளையமாய், மெல்லிசாய்,
ஒரு வாஷர்.

ஒன்பதாவது குழியா, பத்தாவதா?
போட்டோக்களைப் புரட்டுகிறேன்.
ரீல் மேசைமேல்
ஒரு குறையுமில்லாமல் சுழல்கிறது.
அவன் ஐஸை உருட்டியபடி
என் முகத்தையே பார்க்கிறான்,
இப்போது யார் யாரைத் திட்டுவது என்று.