ஒரு கையால் கடல்

செவ்வாய், வியாழன், சனி.
ஆற்காடு ரோட்டு ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
இடது கையில் இரண்டு ஊசி, நான்கு மணி நேரம்.
வலது கை சும்மா கிடக்கிறது;
அதற்குத்தான் இந்தக் கடல்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஆடிய ஆட்டம்.
இப்போது மெருகேற்றி மறுபடி விட்டிருக்கிறார்கள்.
அன்றைக்குத் தண்ணீர் நீல ரெக்சின் விரித்த மாதிரி இருக்கும்.
இன்றைக்கு அலைக்கு அலை நுரை,
படகுக்கு அடியில் மீனின் நிழல்.
நாளுக்கு எழுநூறு மில்லி என்று
அளந்து குடிக்கிறவனிடம் இதைக் காட்டியிருக்க வேண்டாம்.

பழைய விதி: காற்று எதிரே வந்தால்
பாயை இறக்கு, படகை நிறுத்து,
சங்கெடுத்து மூன்று முறை ஊது,
திசை மாறும்வரை மிதந்து கிட.
சண்டைக்கு இரண்டு கை வேண்டும்.
கொள்ளைக்காரன் வந்தால் செத்துப்போவேன், தெரிந்ததே.
பயணத்துக்கு ஒன்று போதும்.

புதிதாக ஒரு மஞ்சள் பாய் கொடுத்திருக்கிறார்கள்.
ஏற்றினால் எந்தப் பக்கம் திரும்பினாலும்
காற்று முதுகுப் பக்கமே நிற்கும்.
துறைமுகத்திலிருந்து உப்புப்பாறைத் தீவு
பத்தொன்பது நிமிடம். மஞ்சள் பாயில் ஆறு.
எல்லோரும் கொண்டாடுகிற மாற்றம்.
நான் அதைப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறேன்.
ஆறு நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டால்
மீதி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

வலப்பக்கக் கட்டில் முனிரத்தினம்.
குடியாத்தம் லுங்கி, இருபது வருஷம் நெல்லூர் ரூட்டில் லாரி.
பீச்சாங்கைக்காரர், அதனால் ஊசி வலது கையில்.
கழுத்தை ஒடித்து என் திரையையே பார்ப்பார்.
"இன்னாப்பா, இத்தினி தண்ணிய வச்சிக்கினு
ஒரு மொடக்கு குடிக்க வழியில்ல."
அப்புறம்,
"அந்த மஞ்சாவ போடேன், சீக்கிரம் போவட்டும்."

அவசரம் அவரோடு கூடப் பிறந்தது.
மெஷினைக் கொஞ்சம் விரட்டி மூணு மணியில் முடியேன் என்று
ஜெபசீலியிடமும் கேட்டார்.
அவள் எண்ணைப் பார்த்தாள்:
இரண்டு கிலோ எண்ணூறு இறங்க வேண்டும்.
"வேகமா எடுத்தா கால் இழுக்கும்ணே.
போன மாசம் கத்தினது மறந்துபோச்சா?"
அவர் வாயை மூடிக்கொண்டார்.
நான் சங்கு ஊதினேன்.

அன்றுதான் கழற்றிக் கொடுத்தேன்.
இந்தக் கருவியில் பிடி இரண்டும் தனித்தனியே வரும்.
வலப்பிடியில் பாயும் சங்கும், இடப்பிடியில் சுக்கான்.
சுக்கானை அவர் இடது கையில் வைத்தேன்.

முதல் வேலையாக மணல்திட்டில் ஏற்றினார்.
"பிரேக் எங்க?"
"பாயை இறக்குறதுதான் பிரேக். அது என்கிட்ட."
"அப்ப நீதான் கிளீனரு."
பிறகு பிடிபட்டது. பாறை தெரியுமுன்னே ஒதுங்கினார்,
ஹாரனுக்குப் பதில் நாக்கைச் சொடுக்கினார்.
எதிர்க்காற்றில் நிறுத்தினோம்.
"செக்போஸ்ட்டு," என்றார், காத்திருந்தார்,
மஞ்சளைக் கேட்கவில்லை.
கொள்ளைக்காரப் படகு வந்தது.
எங்களிடம் இரண்டு கை.
முதல்முறையாக நான் சாகவில்லை.

நான்கு மணி நேரம் முடிந்தபோது நடுக்கடல்.
ஊசித் துளைமேல் பஞ்சை அழுத்திப் பத்து நிமிடம்,
எடை பார்த்து, செருப்புத் தேடி,
அவர் பஸ் அவருக்கு, என் பஸ் எனக்கு.
பாலாற்றுப் பாலத்தில் நெரிசல், வண்டி ஊர்ந்தது.
கீழே மணல், வேலிக்காத்தான்,
யாரோ கிரிக்கெட்டுக்கு நட்டு மறந்த மூன்று குச்சி.

இரவு காட்பாடி வீட்டில்
இரண்டு கையும் காலியாக இருக்கும்போது திறந்தேன்.
இடப்பிடியைக் காணவில்லை, இணைத்துவிட்டுத் தொடரவும்
என்றது திரை.
பையைக் கொட்டிப் பார்த்தேன்.
காற்று நல்ல காற்று, தெற்கே.
பாய் என்னிடம் இருக்கிறது.
சுக்கான் குடியாத்தத்தில்.

போனை முதல் மணியிலேயே எடுத்தார்.
"சட்டப் பையிலயே வந்துடுச்சிப்பா. பீரோ மேல வச்சிருக்கேன்,
பசங்க கையில குடுக்கல.
வியாழக்கெழம எடுத்தாறேன்.
அதுக்குள்ள நீ தனியா எங்கியும் போயிடாத."