ஜூலை ஒன்று

நித்திரவிளை சந்திப்பில் என் கடை.
ஜெராக்ஸ், டிடிபி, லேமினேஷன்.
ஆண்டுக்கு இரண்டு முறை
இரண்டு அரசாங்கங்களோடு எனக்கு வேலை உண்டு.

ஜனவரி ஒன்று, ஜூலை ஒன்று.
தூதரை அழைத்துக் கண்டித்த வாரமானாலும்
எல்லையில் குண்டு விழுந்த மறுநாளானாலும்
அன்று மட்டும் தவறாமல்
சிறையில் கிடப்பவர்களின் பெயர்களை
மாற்றிக்கொள்வார்கள்.
உன் ஆள் என்னிடம் இத்தனை,
என் ஆள் உன்னிடம் இத்தனை.
கோலி ஆடி முடித்த பையன்கள்
எண்ணித் திருப்பிக் கொடுப்பதுபோல.
இல்லை, கொடுப்பதில்லை.
எண்ணுவதோடு சரி.

வள்ளவிளை ஜெனோபா
பஸ்சை விட்டிறங்கி நேரே இங்கேதான் வருவாள்.
பெர்க்மான்ஸ், தகப்பன் பெயர் ததேயுஸ்.
குஜராத் கரைக்கு மேற்கே
சுறாவுக்குத் தூண்டில் விட்ட படகில்
ஒன்பது பேரில் ஒருவன்.
கராச்சியில் உருதுவில் எழுதி,
யாரோ ஆங்கிலத்தில் தட்டி,
டெல்லியில் யாரோ திருத்தி,
என் திரைக்கு வரும்போது
ஒருமுறை பரக்மன்,
ஒருமுறை பிரிஜ்மோகன்.
விரலைக் கண்ணாடியில் வைத்து இழுத்துப்போய்
முந்நூற்றுப் பதினொன்றில் நிறுத்துவாள்.
"இது அவருதான்."
பிரிஜ்மோகனுக்கும் சேர்த்தே மனு அடித்தேன்.

மனு என்றால் பழைய மனுதான்,
தேதியை மட்டும் மாற்றுவேன்.
'கருணை' என்ற இடத்தில் ஒரு பிழை இருந்தது,
நான்கு வருடம் 'கருனை' என்றே போயிருக்கிறது.
யாரும் கவனிக்கவில்லை, நானுட்பட.

எதிரே சாயாக்கடை டிவியில்
பேச்சுவார்த்தைக்கு வாய்ப்பு என்று ஓடும்.
சாயா ஆறுவதற்குள்
வாய்ப்பில்லை என்று ஓடும்.
அண்டை நாடு என்கிறார்கள்.
அண்டத்தான் விடுவதில்லை.

போன ஜூலையில் கேட்டாள்:
"நம்ம ஆளுவ குடுத்த லிஸ்டு உண்டா அண்ணா?
இங்க கெடக்க அவங்க ஆளுவளுக்க பேரு?"
இருந்தது. இன்னொரு கோப்பில்.
அதுவரை நான் திறந்ததில்லை.
"இருவது விட்டா இருவது விடுவாவளாம்.
இங்கேருந்து ஒருத்தன் போனாத்தான்
இவருக்கு வழியாக்கும், கேட்டியளா."

கறம் அலி, தகப்பன் பெயர் ஜுமோ.
தொழில், மீன்பிடி. பூஜ் சிறை.
வயது முப்பத்தொன்பது,
பெர்க்மான்ஸுக்கும் அதே.
அதற்காகத்தான் அவனை எடுத்தாளோ என்னவோ.

அந்த ஞாயிறு பூசையில்
கருத்து வாசித்த பாதர்
ஒரு பெயரில் நின்று, கண்ணாடியைத் துடைத்து
மறுபடி வாசித்தாராம்:
"கறம் அலியின் விடுதலைக்காக,
ஜெனோபா குடும்பத்தார்."
எல்லையில் தம்பியைப் பறிகொடுத்த எட்பர்ட்
எழுந்து வெளியே போனான்.
நற்கருணைக்குத் திரும்பி வந்தான் என்றும் சொன்னார்கள்,
மணலில் நின்று பீடி குடித்தான் என்றும் சொன்னார்கள்.

இந்த ஜனவரியில்
பெர்க்மான்ஸ் அப்படியே இருந்தான்,
ஒரே ஓர் எழுத்துதான் பிழை.
கறம் அலி இல்லை.
க-வில் தேடினேன், அ-வில் தேடினேன்,
வேறெப்படியெல்லாம் கெடுத்து எழுதலாமோ
அப்படியெல்லாம் தேடினேன்.
விட்டார்களா, புதைத்தார்களா,
அதற்குப் பட்டியலில் கட்டம் கிடையாது.
ஜெனோபா தாளை நாலாய் மடித்தாள்.
பிறகு விரித்தாள்.

அன்று சாயங்காலம் பூசைக்குக் கொடுக்கப் போனவளிடம்
உயிரோடிருப்பவருக்கா, மரித்தவருக்கா என்று
ரசீதுப் புத்தகத்தைத் திறந்து கேட்டிருக்கிறார் பாதர்.
இரண்டு பத்திதான் உண்டு அதில்.
"ரெண்டுலயும் எழுதுங்க."
நானூறு ரூபாய்.

அதனால்தான்
பிரிண்டுக்கு எனக்குத் தரவேண்டியது பாக்கி.
ஜூலையில் தருவதாகச் சொன்னாள்.
மேசையடியில் கிடக்கும் நோட்டில்
எழுதி வைத்திருக்கிறேன்:
ஜூலை ஒன்று. ஜெனோபா. இருபது.