மூன்றாம் கட்ட நீட்டிப்பு

முதலில் ஆறுக்கு நாலு அடிதான்.
செத்தாப்பாக்கில் மூலை வீட்டின் பக்கவாட்டு நிலம்,
பெருங்கால்வாயை ஒட்டி.
பழைய கட்டில் சட்டம், ஹார்ட்வேர் கடையில்
மிச்சமாய்க் கிடந்த அறுகோண வலை,
மேலே ஒரு சிங்குத் தகரம்.
செலவு எழுபது வெள்ளி.
புஷ்பலீலாவிடம் ஐம்பது என்றேன்.

நாலு முட்டைக்கோழிகள். பேர் வைத்தது நான்:
புடு, அம்பாங், மலூரி, பாண்டான்.
இருபத்திரண்டு வருஷமாய்
ரயில் ஓய்ந்தபின் தண்டவாளத்தில் இறங்கி
முதல் ரயிலுக்குமுன் ஏறிவிடும் ஒருவனுக்கு
வேறு பேர்கள் எங்கிருந்து வரும்?

மூன்றாம் வாரம் பேய்மழை.
கால்வாய் நிறைந்து, உடும்பு ஏறி வந்தது.
வலையை அது தொடக்கூட இல்லை;
அடியில் மண்ணைப் பறித்து
படுத்தபடி உள்ளே போயிருக்கிறது.
விடியலில் ஷிப்ட் முடிந்து வந்தால்
ஈர மண்ணில் வால் இழுத்த கோடு,
கொஞ்சம் பழுப்பு இறகு.
"மலூரியில் இன்னைக்கு சேவை இல்ல" என்றேன்.
புஷ்பலீலா சிரிக்கவில்லை.
கொடியில் என் சட்டை ஒரு தோளில் தொங்க
அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

கோழிவலை கோழியைத்தான் தடுக்கும்.
வருகிறவனை அல்ல.

இரண்டாம் கட்டம் அதனால் வந்தது:
அரை அங்குலக் கண் வைத்த கெட்டி வலை,
ஓர் அடி ஆழம் புதைத்து, வெளிப்பக்கம் மடித்து,
மடிப்பின்மேல் கல்.
இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிக்கு
அறிக்கை எழுதிச் சம்பளம் வாங்குகிறவன்
வீட்டில் ஒரு கையகலத்தை விட்டுவைத்திருந்தேன்.
இப்போது பதினான்கு அடி நீளம்.
துணிக்கொடி ஒருமுறை இடம் மாறியது.
பப்பாளி மரம் உள்ளே மாட்டிக்கொண்டது.
பக்கத்து வீட்டு கக் நோராய்னி
மதிலுக்கு மேல் தலை நீட்டி,
அடுத்த ஸ்டேசன் எங்கள் வீட்டிலா என்று கேட்டார்.
வாரம் ஆறு முட்டை அவருக்கு.
அதை லஞ்சம் என்று யாரும் சொல்லவில்லை.

இரவு டார்ச் அடித்துப் பார்ப்பேன்.
தூங்கும் கழியில்
புடு, அம்பாங், பிறகு ஒரு கோழி அகலம் காலி,
அதற்கப்பால் பாண்டான்.
கழியை மாற்றினேன். ரப்பர்க்கட்டை, இன்னும் நீளம்.
அதிலும் விட்டார்கள்.

மூன்றாம் கட்டத்துக்கு வரைபடம் போட்டது புஷ்பலீலா,
மின்கட்டண உறையின் பின்பக்கம், கண்மைப் பென்சிலால்.
மதிலோடு ஒட்டி ஒரு வலைச் சுரங்கம்,
காகிதப்பூச் செடிக்குக் கீழே வளைந்து,
விற்றுவிட்ட புரோட்டோன் நின்ற இடத்தைத் தாண்டி,
முன்கேட் வரை.
"கொடி?" என்றேன்.
"துணி மாடியில காயும். நீங்க அளவ எடுங்க."

இரண்டு ஞாயிறு. நானூறு கேபிள் டை.
நாலு மணி மழை, விரல்நுனியெல்லாம் கீறல்.
இந்த முறை செலவைக் குறைத்துச் சொல்ல வழியில்லை,
பில் அவள் கையில்.

நடுவில் மாநகர் மன்றத்திலிருந்து ஓர் இளைஞர்.
யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள்.
எண்ணினார். மறுபடி எண்ணினார்.
"மூணு கோழிக்கா இவ்ளோ?"
எழுத ஒன்றும் இல்லாமல்
தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

திறந்தோம்.
யாரும் போகவில்லை.
அவ்வளவு பாதை இருந்தும்
பழைய ஆறுக்கு நாலிலேயே மண்குளியல், சண்டை, நெரிசல்;
நடுப்பெட்டி காலியாய்க் கிடக்க
கதவை விட்டு நகராத
ஏழரை மணிப் பயணிகள் மாதிரி.
சோளம் தூவினேன்.
சோளம் தீர்ந்த இடத்தில் திரும்பிக்கொண்டார்கள்.

நேற்று வேலைக்குக் கிளம்ப
பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தேன்.
பாண்டான் மட்டும் சுரங்கத்தில் வந்தாள்.
அவசரமில்லை. காகிதப்பூ நிழலில் ஒரு நிறுத்தம்.
முன்கேட்டருகே வந்து
சடக்கில் போகும் மோட்டார்களை
ஒரு கண்ணால் பார்த்தாள்,
பிறகு தலையைத் திருப்பி
மறு கண்ணால்.

கடைசி நிலையம். இறங்கவில்லை.

திரும்ப அகலம் போதுமா என்று
வலை வெட்டிய நாளிலிருந்து எனக்குப் பயம்.
போதுமாக இருந்தது.